எந்த மஞ்சள்?

மாஸ்டருக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு ஊன்றுகோல் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டும் நடு அறை மூலையில் துண்டு காயப்போடத்தான் பயன்பட்டன. ஒன்றில் அவர் துண்டு, இன்னொன்றில் அவர் மனைவியின் துண்டு. வலது பாதத்தைத் தரையில் வைக்கவே கூடாது என்று சொல்லப்பட்ட மனிதர், அந்தத் துண்டுகளை உரசிக்கொண்டு கட்டிலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"பாதத்தை எங்க வெச்சேன்? குதிகாலாலதான் நடக்கறேன்" என்பார், கேட்டால்.

"குதிகால் என்ன பக்கத்து வீட்டுக் காலா?" என்பாள் அவர் மனைவி.

அவர் பெயிண்ட் கடையில் கலர் கலப்பவர். கடையில் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், அதைக் கேட்டுத் தெருவும் மாஸ்டர் என்றது, கடைசியில் கோபம் வரும்போது மனைவி வாயிலும் அதுதான் வந்தது. அவள் பேக்கரியில் ரொட்டி அடுக்குபவள். கல்யாணமாகி வந்த புதிதில் தெருப் பிள்ளைகளுக்கு உடைந்த பன் கொண்டுவந்து கொடுத்ததில் பன் அக்கா ஆனாள். அந்தப் பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டன, இன்னும் அக்காதான்.

அவர் பாதத்தில் புண் வந்த கதையை நினைத்தால் பன் அக்காவுக்கு இப்போதும் மனசு ஆறாது. பெயிண்ட் டப்பா மூடியை நெம்புகிற சின்ன இரும்புத் தகடு ஒன்று எப்படியோ மாஸ்டரின் ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. காலையில் அதோடு ஷூவை மாட்டியவர் சாயங்காலம் வரை அதன் மேலேயே நடந்திருக்கிறார். நடுவில் தகட்டைக் காணோம் என்று கடையில் இருந்த அத்தனை பேரையும் தேடவிட்டு, எடுத்தவன் ஒழுங்காக வைத்துவிடட்டும் என்று சத்தமும் போட்டிருக்கிறார். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்ட மாதிரி பறக்கிறவர் என்று அவரைச் சொல்வார்கள். நிஜமாகவே வெந்நீரை ஊற்றினாலும் இப்போது அவருக்குத் தெரியாது. பாதத்தில் இருந்த உணர்ச்சியைச் சர்க்கரை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் நனைந்து சிவப்பாக இருந்தது.

"ரெட் ஆக்ஸைடு பெயிண்டு கொட்டியிருக்கு" என்றார் மாஸ்டர், சாதாரணமாக.

சுண்டுவிரலுக்குக் கீழே பாதத்தில் ஒரு குழி. அதைப் பார்த்ததும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். காரணம் இருந்தது. மாஸ்டரின் அண்ணனுக்கும் இதே சர்க்கரைதான். கட்டைவிரலில் ஒரு கொப்புளத்தோடு ஆஸ்பத்திரிக்குள் போனவர், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தார். அதன்பிறகு அவர் அதிக நாள் இருக்கவும் இல்லை. அன்றிலிருந்து மாஸ்டருக்கு ஆஸ்பத்திரி என்றால் அறுக்கிற இடம். அண்ணன் அந்தக் கொப்புளத்தை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தார் என்பதை மட்டும் அந்தக் கதையில் சேர்க்க மாட்டார்.

இழுத்துக்கொண்டு போகாத குறையாகத்தான் அவரைக் கூட்டிப் போனாள். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற பிரிவில் இருந்த சிஸ்டர் கெட்டிக்காரி, வாயாடியும்கூட. புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு உறையைக் கிழித்து, கண்ணாடி மாதிரி தெரிகிற மெல்லிய தகடு ஒன்றை எடுத்தாள். தொட்டால் தோல் போல நெகிழ்ந்தது. நடுவில் சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு.

"இது புதுசா வந்திருக்குங்க. பஞ்சும் துணியும் வெச்சுக் கட்டுற கட்டு இல்ல. புண்ணுல கசியற நீரை இதுவே குடிச்சுக்கும், உள்ள காயவும் விடாது. புண்ணு சூடாச்சுன்னா தானா மருந்தை விடும். தினமும் பிரிச்சுப் பிரிச்சுப் புண்ணை நோண்ட வேண்டாம். உள்ள என்ன நடக்குதுன்னு இந்தப் பொட்டு சொல்லும். மஞ்சளா இருந்தா ஒழுங்கா ஆறுது. பச்சையாச்சுன்னா கிருமி வந்திருக்கு, அன்னைக்கே வந்துடணும். நீலமாகற வரைக்கும் வீட்ல வெச்சிருந்தீங்கன்னா, வந்ததும் முதல்ல உங்களைத் திட்டிட்டுத்தான் புண்ணைப் பாப்பேன்."

மாஸ்டர் குனிந்து பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மஞ்சள்னா எந்த மஞ்சள்?"

"மஞ்சள்னா மஞ்சள்தான் சார்."

"அப்படிப் பொத்தாம்பொதுவா சொன்னா எப்படி? எலுமிச்சை மஞ்சள் இருக்கு, வெண்ணெய் மஞ்சள் இருக்கு, முட்டைக் கரு இருக்கு. இது இப்பவே கொஞ்சம் எலுமிச்சை பக்கம் சாயுது."

"சார், புண்ணு உங்களுக்குக் கால்லதானே, கண்ணுல இல்லையே" என்றாள் சிஸ்டர். பிறகு பன் அக்காவின் பக்கம் திரும்பி, "இவரு காலைக் கீழ வைக்காம பாத்துக்கறதுதான் உங்க வேலை. மிதிச்சா இந்த மருந்தெல்லாம் வீண்" என்றாள்.

சொல்வது சுலபம். மாஸ்டர் பந்திக்கு உட்கார்ந்தாலே பாதியில் எழுந்து அடுத்த வரிசையை விசாரிக்கிற ஆள். அவரைக் கட்டிலில் கிடத்துவது என்றால் ஓடுகிற மின்விசிறியைக் கையால் பிடித்து நிறுத்துகிற மாதிரிதான்.

அவர்கள் வீடு ரயில் பெட்டி போல நீளமானது. முன்னால் வாசல், பின்னால் குளியலறையும் பின் கதவும், நடுவில் ஜன்னலே இல்லாத அறை. கட்டில் அங்கேதான். நட்டநடுப் பகலிலும் ட்யூப் லைட் எரிய வேண்டும். மாஸ்டருக்கு அந்த ட்யூப் லைட்டின் மேல் நம்பிக்கை கிடையாது.

"இந்த வெளிச்சம் எல்லாத்துலயும் ஒரு சொட்டு நீலத்தை ஊத்திடும். பகல் வெளிச்சத்துல பாக்காத கலர் கலரே இல்ல."

கடையில் அதுதான் அவர் சட்டம். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும், கலந்த பெயிண்டை ஒரு அட்டையில் தடவி, கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய், வெயிலில் காட்டிய பிறகுதான் டப்பாவை மூடுவார். மஞ்சள் பல்பின் கீழே கலர் பார்த்து வாங்குகிறவனைவிட முட்டாள் உலகத்தில் கிடையாது என்பார். அப்படி ஒரு முறை திரைச்சீலை வாங்கி வந்த பன் அக்காவை அன்றைக்கே கடைக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். அதிலிருந்து அவள் ஒரு கைக்குட்டைகூட அவரைக் கேட்காமல் வாங்கியதில்லை. எனக்குக் கலர் தெரியாது என்று தானே சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டாள். வீட்டில் கண் என்றால் அது அவருடையது.

ஆகவே பொட்டைப் பார்ப்பதும் அவர் வேலை ஆனது. பார்க்க வேண்டுமென்றால் பகல் வெளிச்சம் வேண்டும். பகல் வெளிச்சம் வாசலில் இருந்தது. எழுந்து, நடந்து, வாசற்படியில் உட்கார்ந்து, வலது காலை இடது தொடைமேல் தூக்கிப் போட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார். மஞ்சள். திரும்பி வந்து படுப்பார். கொஞ்ச நேரத்தில், அப்போது மேகம் மறைத்திருந்ததே என்று சந்தேகம் வரும். மறுபடி எழுவார். வெயில் ஏறினால் ஒரு முறை, இறங்கினால் ஒரு முறை. எதிர் வீட்டுச் சுவரில் பட்டு வருகிற வெளிச்சத்தில் சிவப்பு சேர்ந்திருக்கும் என்று தோன்றினால் தெருமுனை வரைக்கும்.

பன் அக்கா விடிவதற்கு முன்னால் பேக்கரிக்குப் போனால் மதியம்தான் வருவாள். கை ரொட்டியை அடுக்கும், மனசு நடு அறையில் நிற்கும். இடையிடையே போன் போடுவாள்.

"எங்க இருக்கீங்க?"

"கட்டில்லதான்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்கும்.

"கட்டில் பக்கம் லாரி எல்லாம் வருதா இப்ப?"

"பொட்டைப் பாக்கத்தாம்மா வந்தேன். சும்மா சுத்தவா வந்தேன்?"

அதற்கு மேல் என்ன சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. புண்ணின் மேல் இவ்வளவு அக்கறையாக இருக்கிற மனிதரை எதற்குத் திட்டுவது? அந்த இடத்தில் அவளும்தான் கோட்டை விட்டாள்.

பிறகு ஒரு நாள் மதியம் அவள் வீடு திரும்பியபோது மாஸ்டர் கட்டிலில் இருந்தார். அசையாமல். போர்வையைக் கால்வரை இழுத்து விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். போன் அடித்தால் எடுக்கவில்லை. வாசல் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. இத்தனை நாள் இதற்காகத்தான் அவள் கத்தியது. இப்போது அவர் அடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போவாள், வந்து பார்ப்பாள், மறுபடி போவாள். அவர் காலில் இருந்த சக்கரம் அவள் காலுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"உடம்புக்கு என்னவாவது பண்ணுதா?"

"ஒண்ணுமில்ல. நீதானே இருந்த இடத்துல இருன்னே."

மறுநாள் வந்தபோது நடு அறை வேறு அறை போலத் தெரிந்தது. ட்யூப் லைட் அணைந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"மாடி வீட்டு எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி மாட்டச் சொன்னேன். ட்யூப் லைட்டு கண்ணைக் கூசுது" என்றார் மாஸ்டர். கேட்காமலே காலைத் தூக்கிக் காட்டினார். "வேணும்னா பாத்துக்கோ."

அவள் குனிந்து பார்த்தாள். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் மஞ்சள். "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் அழுதது.

அடுத்த நாள் காலை பேக்கரியில் ஒரு கலாட்டா. புதிதாகச் சேர்ந்திருந்த ஆள் ஒரு தட்டு ரொட்டியை அவசரப்பட்டு எடுத்துவிட்டார். அடுப்பு வாயில் தொங்குகிற மஞ்சள் விளக்கில் பார்த்தபோது ரொட்டியெல்லாம் பொன்னாகத் தெரிந்ததாம். அடுக்குகிற மேசைக்கு வந்ததும் அத்தனையும் வெளிறிப்போய் நின்றன.

"அந்த லைட்டுல பாத்து எடுக்காதன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று தலைமை ரொட்டிக்காரர் வள்ளென்று விழுந்தார்.

பன் அக்காவின் கையில் அந்த ரொட்டிகளில் ஒன்று இருந்தது. நேற்று அந்த அறையில் பொட்டு மட்டுமா மஞ்சளாக இருந்தது? போர்வை மஞ்சள், சுவர் மஞ்சள், குனிந்து பார்த்தபோது அவளுடைய கையே மஞ்சள். மஞ்சள் பல்பில் கலர் பார்ப்பவன் முட்டாள் என்று ஆயுசு முழுக்கச் சொன்ன மனிதர், அந்தப் பல்பைத் தேடி வாங்கி மாட்டியிருக்கிறார். ரொட்டியை மேசையில் போட்டாள். மேலங்கியைக் கழற்றக்கூட இல்லை. மாவு படிந்த கையோடு ஓடினாள்.

மாஸ்டர் கட்டிலில்தான் இருந்தார். வாசற்கதவின் இரண்டு பக்கத்தையும் தள்ளித் திறந்தாள். திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து, அவர் படுத்திருந்தபடியே, வாசலை நோக்கி இழுத்தாள். கட்டில் கால் தரையைக் கிழித்துக்கொண்டு கத்தியது.

"என்ன பண்றே? பைத்தியமா உனக்கு?"

அவள் நிறுத்தவில்லை. வெளிச்சம் அவர் பாதத்தில் விழுந்து முழங்கால் வரை ஏறியது. போர்வையை உருவினாள்.

பச்சை. இலைப் பச்சை அல்ல, விளக்காமல் விட்ட செம்புப் பாத்திரத்தில் பிடிக்கிற பச்சை. ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பொட்டைச் சுற்றிப் பாதம் வீங்கிப் பளபளத்தது.

"என்ன கலர் இது?" என்றாள்.

அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மாஸ்டர். உங்களைத்தான் கேக்கறேன். என்ன கலர்?"

"தெரியும்" என்றார், கைக்குள்ளிருந்தே. "முந்தாநாளே தெரியும். ஓரத்துல ஒரு நூல் அளவு வந்துச்சு. நீ பாத்திருந்தா மஞ்சள்னுதான் சொல்லியிருப்பே. என் கண்ணுக்குத் தெரிஞ்சுது." கையை எடுக்காமலே தொடர்ந்தார். "அண்ணனை நான்தான் கூட்டிட்டுப் போனேன். கொப்புளம்தானே, கட்டுப் போட்டு அனுப்பிடுவாங்கன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரும்போது ஒத்தைச் செருப்பைத் தூக்கி என் கையில குடுத்தாங்க."

இத்தனை வருஷத்தில் அவர் சொல்லாத செருப்பு அது. அவளுக்கு ஒரு கணம் கோபம் விட்டுப்போனது. உடனே இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"உங்க அண்ணனுக்குச் சொல்றதுக்கு ஒரு பொட்டு இல்ல. உங்களுக்கு இருந்துச்சு, அதுவும் சொல்லிச்சு. அது வாயைப் பொத்தினீங்க. என் கண்ணையும் சேத்துப் பொத்தினீங்க. நேத்து 'அப்பாடா'ன்னேனே, உங்களுக்குக் கேக்கலையா?"

மாடி வீட்டு எலக்ட்ரீஷியன்தான் வண்டி பிடித்துவந்து, ஒரு கை கொடுத்து ஏற்றிவிட்டார். பல்பு மாட்டிய பாவத்துக்குப் பரிகாரம் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

சிஸ்டர் சொன்னபடி முதலில் திட்டவில்லை. பொட்டைப் பார்த்ததும் கையுறையை மாட்டினாள். தகட்டை மெல்ல உரித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் அது நசுங்கிச் சுருண்டிருந்தது.

"நடந்திருக்கீங்க."

"பொட்டைப் பாக்கத்தான்..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர். "ட்யூப் லைட்டுல சரியா தெரியாது. வெளிச்சத்துக்குப் போய்ப் பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"பகல் பூரா."

சிஸ்டர் அவரையே பார்த்தாள். ஆறுகிறதா என்று பார்க்கப் போய்ப் போய்த்தான் அவர் அதை ஆறவிடாமல் மிதித்திருக்கிறார். பன் அக்காவுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டையில் வந்து, அழுகையாக வெளியே போனது.

டாக்டர் வந்து பார்த்தார். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியாது, பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் ஆபரேஷன் அறை வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னவர்களிடம் சரி சரி என்றாள், உட்காரவில்லை. கதவிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும், குழாயிலிருந்து கதவு வரைக்கும். மேலங்கியில் மாவு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் நடந்த நடையெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நடுவில் தோன்றியது. பயம் வந்தால் கால் சும்மா இருக்காது.

கதவு திறந்து, பணியாளர் ஒருவர் ஒரு பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டரின் சட்டை, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. அவள் அதையெல்லாம் தள்ளிவிட்டு அடியில் கையை விட்டுத் துழாவினாள். ஒரு செருப்பு அகப்பட்டது. இன்னும் துழாவினாள். இரண்டாவதும் இருந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டில் நடு அறைக்குத் திரும்பவே இல்லை. வாசற்கதவை ஒட்டிப் போட்டாள், கால்மாடு தெருவைப் பார்க்க. வீட்டுக்குள் வருகிற யாரும் முதலில் மாஸ்டரின் பாதத்தை விசாரித்துவிட்டுத்தான் முகத்துக்கு வர வேண்டும். வெளிச்சம் தானாகக் காலுக்கு வந்தது. மஞ்சள் பல்பை எலக்ட்ரீஷியனே வந்து கழற்றிக்கொண்டு போனார். சுண்டுவிரல் மட்டும் போன பாதத்தில் புதுத் தகடு, புதுப் பொட்டு.

ஆனால் மாஸ்டர் அதைப் பார்ப்பதில்லை. பேக்கரிக்குப் போவதை அவள் விடிந்த பிறகு என்று மாற்றிக்கொண்டிருந்தாள். தினமும் அவள் கிளம்புவதற்கு முன் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"நீ பாரு. என்ன கலர்?"

"எனக்குக் கலர் தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"என் கண்ணு சரியாத்தான் பாக்கும், வாய்தான் சொல்லாது. நீ பாரு."

அவள் குனிந்து பார்ப்பாள். மஞ்சள் என்பாள். எந்த மஞ்சள் என்று அவர் கேட்க மாட்டார். உதடு மட்டும் கொஞ்சம் துடிக்கும்.

ஒரு நாள் காலை வானம் மூடிக்கிடந்தது. அவள் குனிந்தவள் நிமிரவில்லை. மஞ்சள் மாதிரிதான் இருந்தது. எலுமிச்சை பக்கம் சாய்கிறதா, அதைத் தாண்டிப் போகிறதா? தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தாள், அப்படிச் சாய்த்துப் பார்த்தாள். மேகத்தின் வேலையாகவும் இருக்கலாம். மஞ்சள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதற்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் அன்றைய பொழுது நிம்மதியாகப் போகும்.

"என்னம்மா, பேச்சைக் காணோம்?"

"தெரியல" என்றாள்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். பாதத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். மேகம் விலகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"அந்தக் கோலு ரெண்டையும் எடு. சிஸ்டர்கிட்டயே காட்டிடலாம்" என்றார்.

அவள் மூலையிலிருந்து ஊன்றுகோல்களைக் கொண்டுவந்தாள். அவற்றில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளை மாஸ்டரே எடுத்து, ஒழுங்காக மடித்து, அவள் கையில் கொடுத்தார். கோல்களை அக்குளில் வைத்து எழுந்தார். வலது பாதம் தரையில் படாமல் தொங்கியது. முதல் தடவை என்பதால் ரொம்பவும் தடுமாறினார். படியில் நின்று திரும்பி, "பின் கதவைச் சாத்திட்டியா?" என்று கேட்டார்.